கதிர் முற்றிய வயல்

“உலகத்துல எந்தப் படையும் இந்த வயலுக்குள்ள கால் வைக்காதுவே” என்றார் சற்குணம். வயல் என்றால், சாப்பாட்டு மேசைமேல் கிடந்த தெர்மோகோல் பலகை. அவரும் மீரானும் ஞாயிறுதோறும் விரலளவுச் சிப்பாய்களை நகர்த்திப் போர் விளையாடும் களம் அது. மீரான் சிரித்தார். வாராவாரம் பீரங்கியை நட்டநடு வயலில் இறக்கி நாசம் பண்ணுகிறவர் அவர்தான். பிய்ந்ததைச் சுரண்டி, காய்ந்த டீத்தூளை மண்ணாகத் தூவி, தேங்காய் நாரைப் பயிராக நட்டு நட்டுச் சற்குணத்தின் விரல்கள் ஓய்ந்துவிட்டன. இன்னொரு தடவை அழிந்தால் எல்லாவற்றையும் பரணில் போட்டுவிடுவதாக மனைவியிடம் சொல்லியாயிற்று. இந்த முறை நாருக்குப் பச்சை அடிக்கவில்லை. மஞ்சள் பூசி, நுனிக்கு நுனி கசகசா ஒட்டி, பாரத்தில் சாய்ந்தாற்போல வளைத்துவிட்டிருந்தார். திறந்தால் ஏழூர்க் குருவியும் வந்து இறங்கிவிடும் என்று ஜன்னலைக்கூடச் சாத்தியே வைத்திருந்தார்.

“பிளாஸ்டிக் சிப்பாய்க்குப் பயிரு தெரியுமாவே?” என்று மீரான் குதிரைப்படையை வரப்புவரை தள்ளிக்கொண்டு வந்தார். சற்குணத்தின் கோட்டை வயலுக்கு அந்தப் பக்கம். குறுக்கே போனால் வெற்றி, சுற்றிப் போனால் தோல்வி. சற்குணம் கண்ணை மூடிக்கொண்டார். வெகுநேரம் நாரில் ஒரு சரசரப்பும் கேட்கவில்லை. திறந்து பார்த்தபோது குதிரைகள் வரப்பிலேயே நின்றன. அவற்றின் முதுகில் மீரானின் விரல் வெளுத்துப்போய் அழுந்தியிருந்தது.

“தள்ளத்தான்வே செய்யுதேன்” என்றார் மீரான், குரல் இறங்கி. “எறங்க மாட்டேங்குதுவே.”