முப்பது சதவீத இதயம்

திருத்தப்பட்ட விதியின்படி, பேட்டரி இதயம் வைத்திருப்பவர்கள் இனி பயணிகள் அல்ல, அபாயகரமான சரக்கு. சரக்கில் முப்பது சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கக் கூடாது.

திருச்சி விமான நிலையத்தில் சுந்தரவடிவேலின் இதயத்தை முப்பதுக்கு இறக்கி, நெஞ்சில் சார்ஜ் ஏற்றும் துளைக்குச் சீல் வைத்தார் அதிகாரி. அது ஐந்து மணி நேரம் தாங்கும். சிங்கப்பூர் போக நாலு மணி நேரம். நாளை அங்கே மகளுக்குக் கல்யாணம்.

விமானம் இரண்டு மணி நேரம் தாமதம் என்றது ஒலிபெருக்கி.

"சார், கொஞ்சம் சார்ஜ் போட்டுக்கறோம்," என்றாள் மனைவி இந்திராணி.

"சீல் வெச்சப்புறம் போடக் கூடாதும்மா. வெடிச்சா விமானம் என்னாகிறது?"

"போடலைன்னா இவரு என்னாகிறது?"

அதிகாரி நிஜமாகவே விதிகளைத் தேடிப் பார்த்தார். "அதுக்கு ஒண்ணும் போடலியே. உயிரில்லாத உடம்புன்னா கட்டுப்பாடே இல்ல. நேரா ஏத்திடலாம்."

"விடு இந்திரா," என்றார் சுந்தரவடிவேல். "அசையாம உக்காந்தா தாங்கும். பொண்ணு கல்யாணம்."

"தாலி கட்டறப்போ பார்சலையா உக்கார வெக்கிறது?"

அவள் சீலைக் கிழித்தாள். மேஜையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த அதிகாரியின் செல்போனைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அந்த ஒயரைக் கணவன் நெஞ்சில் சொருகினாள்.

"பயணம் ரத்தும்மா."

"ஆகட்டும். கல்யாணத்த வீடியோல பாக்கறோம். பாக்க ஆள் இருக்கணும்ல."

அதிகாரி தன் செல்போனைக் கவலையோடு திருப்பிப் பார்த்தார்.

"பதினோரு சதவீதம்தான் இருக்கு," என்றார். "கொஞ்சமாவது மனசாட்சி வேணும்மா."