ஐந்தாம் தொட்டியின் வாசனை

மூக்கு மாமா முதல் தொட்டியின் மேல் குனிந்து, கண்ணை மூடி, நெஞ்சு விரிய இழுத்தார். "ஆகா" என்றார். பூப் பண்ணையின் கண்ணாடிக் கூடத்தில் வேலையாட்கள் எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள்.

உண்மையில் மாமாவுக்கு ஒரு மண்ணும் தெரியவில்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் வந்த ஜலதோஷம், போகும்போது மூக்கையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டது. இப்போது அவருக்கு வெங்காயமும் ஒன்றுதான், சோப்பும் ஒன்றுதான்.

இதை அவர் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை. அவள் தங்கச்சியிடம் சொல்வாள், தங்கச்சி ஊருக்கே சொல்வாள். பூவை மோந்து மார்க் போடுவதுதான் பண்ணையில் அவர் வேலை. மூக்குப் போன மூக்கு மாமாவுக்கு அங்கே அப்புறம் என்ன வேலை?

கடையில் விற்கிற ஃப்ரீசியா என்கிற சீமைப் பூச்செடி கலர் கலராய், பெரிது பெரிதாய்ப் பூக்கும். வாசனையை மட்டும் கேட்காதீர்கள். காட்டில் வளர்கிற அதன் சொந்தக்காரச் செடி சவலைப் பிள்ளை மாதிரி வெளிறிப்போய் நாலு பூ விடும், ஆனால் வாசனை ஆளைத் தூக்கும். இரண்டையும் கலந்து, இரண்டு வருஷம் பாடுபட்டு, பண்ணையில் ஆறு புது வகை எடுத்திருந்தார்கள்.

வளர்க்க இடம் ஒன்றுக்குத்தான் இருந்தது. வாசனையில் முதலாவதை வைத்துக்கொண்டு, மற்ற ஐந்தின் கிழங்கையும் இன்றைக்கே தோண்டிக் கொட்டிவிடுவது என்று முடிவு. ஜெயித்ததை விலை பேச, பதினோரு மணிக்கு மொத்த வியாபாரப் பூக்கடைக்கார அம்மாள் வருகிறாள்.

மாமாவுக்கு ஒரே ஒரு வழி இருந்தது. முதலாளியின் முகம்.

அப்பா போனபிறகு மூன்று வருஷமாய்ப் பண்ணையைப் பார்க்கிற சின்ன முதலாளி அவர். மீன் கழிவு உரம் ஊறுகிற பீப்பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் தினமும் சாப்பிடுவார். மற்றவர்கள் அந்தப் பக்கம் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள். அங்கிருந்தால் வாசல் தெரியும், யார் எப்போது வருகிறார்கள் என்று வேவு பார்க்கிறான் கள்ளன், என்பது மாமாவின் கணிப்பு. மாமா உலகத்தில் யாரையும் நம்புகிறவர் இல்லை. ஆனால் முதலாளி மனசில் இருப்பது மூஞ்சியில் வந்துவிடும், அதை நம்பலாம்.

இரண்டு பேரும் தலை முட்டுகிற மாதிரி எதிரெதிரே குனிந்து மோந்துகொண்டு வந்தார்கள். மாமா ஒற்றைக் கண்ணை மட்டும் லேசாகத் திறந்து வைத்திருந்தார். முதல் தொட்டிக்கு முதலாளி கொஞ்சம் சிரித்தார், மாமா அட்டையில் பத்துக்கு ஐந்து மார்க் போட்டார். இரண்டாவதற்கு அதுவும் இல்லை.

மூன்றாவது, வெளிறின மஞ்சள் பூ, தண்ணீர் ஊற்றுகிற குழாய் அக்காவின் செல்லம். "அண்ணே, இதுக்குப் பக்கத்துல நின்னாலே எனக்குக் கிறுகிறுன்னு வருது. நேத்து இங்க எதுக்கு வந்தேன்னே மறந்துட்டேன்."

"நீ என்னைக்கு ஞாபகமா வந்திருக்கே?"

"உங்களுக்கு வேணாம்னா நான் எடுத்துக்கவா?"

அதானே பார்த்தேன், கிழங்குக்கு அடி போடுகிறாள் என்று மாமாவின் முகம் சுருங்கியது. முதலாளியின் முகமும் சுருங்கியது. அவருக்கே பிடிக்கவில்லை என்று மாமா இரண்டு மார்க்கோடு நிறுத்திக்கொண்டார். நாலாவதும் அப்படியே போயிற்று.

ஐந்தாவது, உதட்டுச் சாயம் மாதிரி சிவப்பு. குனிந்த நேரம் பார்த்து மாமாவின் பின்கழுத்தில் ஓர் எறும்பு ஊர்ந்தது. கூச்சத்தில் அவர் பல்லெல்லாம் தெரிய நெளிய, எதிரே முதலாளியின் வாய் காதுவரைக்கும் போனது.

வந்துவிட்டது, இதுதான். மாமா "அடேயப்பா" என்றார். முதலாளி "அம்மாடி" என்றார். மாமா நெஞ்சில் கை வைத்தார், முதலாளி தொட்டி வைத்த மேஜையைப் பிடித்துக்கொண்டார். மாமா லேசாக ஆடினார், முதலாளி மேஜையைச் சுற்றி இந்தப் பக்கமே வந்துவிட்டார். கடைசியில் இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளைகள் மாதிரி குதித்தார்கள். முதலாளியின் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

குழாய் அக்காவும் வந்து மோந்து பார்த்தாள். "எனக்கு ஈர மண்ணுதான் அடிக்குது."

"நாள் பூரா தண்ணியில நின்னு உன் மூக்கு ஊறிப்போச்சு. போய் மத்ததைத் தோண்டு."

ஆறாவதை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அக்கா மூன்றாவது தொட்டியை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டாள். "எதை வேணா தோண்டுறேன், இதுக்கு எனக்குக் கை வராது."

வாசலில் ஹாரன் அடித்தது. பூக்கடைக்கார அம்மாள் வந்துவிட்டாள். முதலாளி மாமாவின் கையைப் பிடித்து விதை அலமாரிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

"மாமா, என்ன மாதிரி வாசனைன்னு அந்தம்மா கேப்பாங்களே. தேன் மாதிரியா, எலுமிச்சை மாதிரியா? சட்டுனு சொல்லுங்க."

மாமா மார்க் அட்டையால் விசிறிக்கொண்டார். "கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு மோந்தது நீங்க. என்னைக் கேட்டா எப்படி தம்பி?"

முதலாளி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு அவர் காதுக்குள் குனிந்தார்.

"பொறந்ததிலேருந்தே எனக்கு மூக்கு வேலை செய்யாது மாமா, உங்க மூஞ்சியப் பாத்துத்தான் நானும் சிரிச்சேன்."