இருபது நிமிடத்துக்கு ஒரு பேருந்து

“இப்ப வந்துடும் பாருங்கம்மா, கவலைப்படாதீங்க” என்றார் விரிவுரையாளர், பக்கத்தில் நின்ற பெண்ணிடம்.

உண்மையில் கவலை அவருக்குத்தான். கைப்பேசியை வீடியோ எடுக்கத் தயாராகப் பிடித்தபடி ஐம்பது நிமிடமாக அந்த நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தார். ஒரு பஸ்ஸும் வந்தபாடில்லை. அவர் வந்த ஸ்கூட்டர் மட்டும் நிழலில் ஜம்மென்று நின்றது.

அந்தப் பெண் தலையை ஆட்டினாள். துணிக் கம்பெனியின் நீலக் கோட்டு, தோளில் சாப்பாட்டுப் பை, காலில் தேய்ந்துபோன செருப்பு. பின்னால் எட்டு மாடிக் கட்டடங்கள் வரிசையாக நின்றன. நகரத்து நடுவில் ஆற்றோரம் குடியிருந்தவர்களை கூண்டோடு கிளப்பி, இருபத்தெட்டு கிலோமீட்டர் தள்ளி இங்கே கொண்டுவந்து போட்டிருந்தார்கள்.

அதைப் பற்றித்தான் விரிவுரையாளர் ஆய்வுக்கட்டுரை எழுதியிருந்தார். ‘இடம் மாறியதால் யாருக்கும் வேலை போகவில்லை, இருபது நிமிடத்துக்கு ஒரு பேருந்து இருக்கிறது’ என்பது அதன் முடிவு. நகர அரசியலுக்கென்றே வரும் பெரிய ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்பினார். ஏழு மாதம் கழித்துத் திரும்பி வந்தது.

எழுதியவர் யார் என்று மதிப்பிடுபவருக்குத் தெரியாது, மதிப்பிடுபவர் யார் என்று எழுதியவருக்குத் தெரியாது. அந்த இதழில் அப்படித்தான். முதல் மதிப்பீட்டாளர் ‘நன்று’ என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டார், புண்ணியவான். இரண்டாமவர்தான் வயிற்றில் அடித்துவிட்டார். ‘கட்டுரையாளர் ஒருநாள் காலையாவது அந்த நிறுத்தத்தில் நின்று பார்க்க வேண்டும். திருத்தி அனுப்பப் பத்து நாள் அவகாசம்.’

இந்த மாதத்துக்குள் கட்டுரை ஏற்கப்பட்டால்தான் வேலை நிரந்தரம் என்று துறைத் தலைவர் கறாராகச் சொல்லியிருந்தார். ஆறு வருடமாகத் தற்காலிக வேலை. வீட்டில் மனைவிக்கு இது எட்டாம் மாதம். நாலு நாளாக மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

“யாரையாவது கூட்டிட்டுப் போக வந்தீங்களா சார்?” என்று கேட்டாள் அந்தப் பெண்.

கேட்க ஓர் ஆள் கிடைத்ததும் அவர் கொட்டித் தீர்த்துவிட்டார். “பஸ்ஸை வீடியோ எடுக்க வந்தேன்மா. இருபது நிமிஷத்துக்கு ஒண்ணுன்னு கட்டுரை எழுதினேன். போக்குவரத்து ஆபீஸ்ல கொடுத்த கணக்கு அது, நானா இட்டுக்கட்டினேன்? ஒரு ஆளு நம்பமாட்டேங்கிறான். நின்னு பாருங்கறான்!”

அந்தப் பெண் முதல்முறையாக அவரை நன்றாகத் திரும்பிப் பார்த்தாள்.

“இங்க இருக்கறவங்ககிட்ட கேட்டீங்களா?”

“கேட்காமலா? நாப்பது பேர். இங்கேருந்து வேலைக்கு வர்றவங்க நம்பரை கம்பெனிகள்லேருந்தே வாங்கி, போன்ல கேட்டேன். எல்லாரும் வேலையிலதான் இருக்காங்க.”

“கம்பெனில நம்பர் வாங்கினா, வேலை போகாதவங்கதானே சார் கிடைப்பாங்க?”

அவருக்குச் சுருக்கென்றது. இந்த அம்மாவிடம் போய் வாதம் பண்ணவா என்று பேச்சை மாற்றினார்.

“நீங்க முன்னாடியும் துணிக் கம்பெனிதானா?”

“இல்ல சார், காலேஜ்ல இருந்தேன். எட்டரைக்கு உள்ள இருக்கணும். இந்த பஸ்ஸை நம்பி ஒரு மாசம் லேட்டாவே போனேன். நாளைலேருந்து வராதேன்னுட்டாங்க. இப்ப பேக்கிங். பத்து மணிக்குப் போனாப் போதும்.”

“அடப்பாவமே! எங்க காலேஜ்லயும் பெருக்குற அம்மா கொஞ்சம் லேட்டா வந்தா, சூப்பர்வைசர் சாமியாடிடுவார்.”

‘பெருக்குற அம்மாவா?’ என்பதுபோல் அவள் அவரை ஒருமுறை பார்த்தாள். பிறகு சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

விரிவுரையாளருக்கு என்னவோ செய்தது. வேலை போன ஒரு ஆள் கண்ணெதிரே நிற்கிறாள். இப்படி இன்னும் எத்தனை பேரோ? உள்ளதை எழுதினால் கட்டுரையே கவிழ்ந்துவிடும். கட்டுரை கவிழ்ந்தால் அவரும் நாளை ‘வராதே’ என்ற சொல்லைக் கேட்க வேண்டியதுதான்.

ஒரு வழியாக, அவர் வந்து நின்று ஒரு மணி இருபது நிமிடம் ஆன பிறகு, பிதுங்கி வழியும் கூட்டத்தோடு ஒரு பக்கம் சாய்ந்தபடி பஸ் வந்தது. அவர் பரபரவென்று வீடியோ எடுத்தார்.

“அப்பாடா, கிடைச்சுடுச்சு!”

“ஒண்ணுதானே சார் வந்துச்சு?”

“ஒண்ணு போதும்மா. நேர்ல நின்னு பார்த்தேன், இருபது நிமிஷத்துக்கு ஒண்ணு வருதுன்னு எழுதிடுவேன். எங்கேயோ ஏசி ரூம்ல உட்கார்ந்திருக்கிற அந்த ஆளுக்கு என்ன தெரியப் போகுது?”

“ஏசி ரூமா?” என்று அவள் சிரித்தேவிட்டாள்.

அவருக்கு முகம் சிறுத்துப்போயிற்று. “தப்புதாம்மா. தெரியாம இல்ல. எனக்கும் குடும்பம் இருக்கே, என்ன பண்ணச் சொல்றீங்க?” என்றார் குரல் இறங்கி.

அவள் கூட்டத்துக்குள் இடித்துப் புகுந்து, படியில் ஒரு காலை வைத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

“ஒன்பதாம் பக்கத்து பஸ் அட்டவணையை மாத்தாம அனுப்பினீங்கன்னா, இந்தத் தடவையும் திருப்பித்தான் அனுப்புவேன், சார்.”