மாமனாரின் மதியச் சாப்பாடு

“இன்னும் எத்தனை நாளைக்கு டாக்டர் இதை இழுத்துக்கிட்டு இருக்கறது? பேசாம ஒரு ஊசி போட்டு நிம்மதியா அனுப்பிடலாமே.”

சமையல்காரர் இப்படிக் கேட்டதும் அவர் மனைவி நர்ஸம்மா முறைத்த முறைப்பில், மேஜை மேல் இருந்த பூனையே கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தது.

பதினேழு வயசுப் பூனை. கல்யாணம் ஆனபோது நர்ஸம்மாவோடு அவள் பிறந்த வீட்டிலிருந்து கூடவே வந்தது. வந்த அன்றைக்கே சமையல்காரரின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டது. அதனால் அவர் அதற்கு வைத்த பேர் ‘மாமனார்’.

“கிட்னி பாதிக்கு மேல போயிடுச்சு,” என்றார் கால்நடை டாக்டர். “இனிமே இந்த டப்பா சாப்பாடு மட்டும்தான். வேற எதுவும் கூடாது. ஒரு மாசம் பார்ப்போம். இன்னும் எடை குறைஞ்சா, சார் சொல்றதை யோசிக்க வேண்டியதுதான்.”

வீடு வந்து சேரும்வரை நர்ஸம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தாள். கூடைக்குள்ளிருந்து மாமனார்தான் பேசிக்கொண்டே வந்தது.

மறுநாளே ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு சார்ட் ஏறியது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் தொங்குமே, அதே மாதிரி. என்ன சாப்பிட்டது, எத்தனை கிராம், எவ்வளவு தண்ணீர், எத்தனை தரம் வெளியே போனது. எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம்.

கட்டம் இருந்து என்ன பிரயோஜனம்? மாமனார் டப்பா சாப்பாட்டை முகர்ந்து பார்த்தது. நர்ஸம்மாவைப் பார்த்தது. திரும்பி நடந்தது. சுட வைத்துக் கொடுத்தாள். விரலில் தொட்டு மூக்கில் தடவினாள். கெஞ்சினாள். ஊஹூம்.

“மாப்பிள்ளை வீட்டுச் சாப்பாடு பிடிக்கலை போல,” என்றார் சமையல்காரர்.

“உங்களுக்கு நக்கலா இருக்கு. எனக்கு வயிறு எரியுது. மத்தியானம் நான் டூட்டில இருப்பேன். நீங்க நாலு மணிக்குத்தானே ஓட்டலுக்குப் போறீங்க? ஒரு மணிக்கு இதுல ஒரு டப்பா வெச்சிடுங்க. உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன்.”

“வெச்சா போதும்ல? ஊட்டச் சொல்லாதே. ஊருக்கெல்லாம் சமைச்சுப் போட்டுட்டு, இங்க பூனைக்கு வேற சேவகம் பண்ண என்னால ஆகாது.”

வேண்டாவெறுப்பாகத்தான் ஒத்துக்கொண்டார். ஆனால் மத்தியானத் தட்டு மட்டும் தினமும் காலி. காலையில் அவள் வைப்பது அப்படியே காய்ந்து கிடக்கும். ராத்திரி வைப்பதும் அப்படியே.

நர்ஸம்மாவுக்குப் பொறி தட்டியது. குப்பைக்கூடையைக் கிளறினாள். ஒரு வேளைக்கு ஒரு டப்பா என்று சொல்லியிருந்தாள். காலையில் தான் போட்டதைத் தவிர, உள்ளே இரண்டு கிடந்தது. பாத்திரம் தேய்க்கிற தொட்டியில் ஒரு பெரிய ஸ்பூன், அதில் அதே வாடை.

உடனே அக்காவுக்குப் போன் போட்டாள்.

“கொட்டிடறாருக்கா. டப்பா டப்பாவா வழிச்சுக் கொட்டிடறார். அன்னைக்கே ஊசி போடச் சொன்ன மனுஷன்தானே? பட்டினி போட்டே அனுப்பப் பார்க்கறார்.”

“சும்மா கேட்டா பூசி மெழுகிடுவார். கையும் களவுமா பிடிடி,” என்றாள் அக்கா.

அடுத்த நாள் பாதி டூட்டியைத் தோழி தலையில் கட்டிவிட்டு, சரியாக ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சமையலறை ஜன்னல் பக்கம் பூனை மாதிரி நடந்து போய் நின்றாள். சாட்சிக்கு அக்கா வீடியோவில்.

உள்ளே, தரையில் சமையல்காரர் குப்புறப் படுத்திருந்தார். அவர் மூக்குக்கு எதிரே மாமனார். நடுவில் இரண்டு தட்டு. டப்பாவைத் திறந்து ஒரு ஸ்பூன் அள்ளினார். பூனைக்கு வைக்கவில்லை. தன் வாயில் போட்டுக்கொண்டார்.

“அடக் கொடுமையே,” என்றாள் அக்கா. “மாப்பிள்ளை பூனைச் சாப்பாட்டைக்கூட விட்டு வைக்கலையா?”

நர்ஸம்மா அக்காவைக் கட் பண்ணிவிட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். சமையல்காரர் எழுந்திருக்கவில்லை. உதட்டில் விரலை வைத்தார்.

“சத்தம் போடாதே. இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கார்.”

மாமனார் தன் தட்டில் தலையைக் கவிழ்த்து நக்கிக்கொண்டிருந்தது.

“என்னங்க இது கண்றாவி?”

“நான் ஒரு வாய் வெச்சாத்தான் அவர் ஒரு வாய் வைக்கறார். பத்து நாளா இப்படித்தான் ஓடுது. நீ தட்டை வெச்சிட்டு சார்ட் எழுத எழுந்து போயிடறே. வயசான ஜீவன், கூட உட்கார்ந்து சாப்பிட ஆள் தேடுது.” முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கினார். “உப்பும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. எவன் சமைச்சான் இதை?”

நர்ஸம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“ஊசி போட்டு அனுப்பிடலாம்னு நீங்கதானே சொன்னீங்க?”

சமையல்காரர் அடுத்த ஸ்பூனை அள்ளினார்.

“இப்பவும் அதையேதான் சொல்றேன். போற நேரம் வந்தா போகட்டும். அதுக்காக என் வீட்டுல இருந்து பசியோடவா போறது?”