முப்பதாயிரத்து முப்பத்தொன்று

'30,031 பகா எண்ணா, பகு எண்ணா?'

போர்டில் இதை மட்டும் எழுதிவிட்டு உட்கார்ந்துகொண்டார் தர ஆய்வுத் தலைவர் கோவிந்தப்பன். அரை மணி நேரம். செல்போன் கூடாது.

ஓசூரில் பிரேக் சாமான் செய்கிற கம்பெனி. காலி இடம் ஒன்று, வந்தவர்கள் நாற்பது பேர். ஹெச்.ஆர். சரிதாவுக்கு எரிச்சலாக வந்தது. பீஸை அளந்து பார்க்கிற வேலைக்கு ஆறாம் வகுப்புக் கணக்கு எதற்காம்? மனுஷனுக்கு வயசாகிவிட்டது, வேறென்ன!

அவளுக்கோ காலையிலிருந்து தலைக்கு மேல் வேலை. நாற்பது ஃபைலில் மேலே இருந்த ஆறைப் பிரித்துப் பார்த்தாள், சரியாக இருந்தன. மிச்சத்துக்கும் 'சான்றிதழ்கள் சரிபார்க்கப்பட்டன' என்று மடமடவென்று கையெழுத்துப் போட்டுக் கட்டி வைத்துவிட்டாள்.

விடைத்தாள்கள் வந்தன. முப்பத்தெட்டுப் பேர் பகா எண் என்று எழுதியிருந்தார்கள். பாவம், அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று, பதின்மூன்று, எதால் வகுத்தாலும் ஒன்று மிச்சம் நிற்கிறது. அதற்கு மேல் யாருக்குப் பொறுமை இருக்கிறது?

விஜயகுமார் ஒருவன்தான் பகு எண் என்றிருந்தான். அதுதான் சரி, ஐம்பத்தொன்பதால் மீதியில்லாமல் வகுபடும் என்றார் கோவிந்தப்பன். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டதற்கு, இவ்வளவு பெரிய நம்பர் எதிலாவது வகுபட்டுத்தானே சார் ஆகணும் என்றான்.

கடைசித் தாள் ரஞ்சிதாவுடையது. ஊத்தங்கரைப் பெண். ஒன்பது இடத்தில் வேலை கேட்டு, ஒன்பதிலும் இல்லை என்று திரும்பியவள்.

'நாற்பத்து மூன்று வரை வகுத்துப் பார்த்தேன். வகுபடவில்லை. அதற்கு மேல் பார்க்கவில்லை. அதனால் தெரியாது.'

வேலை அவளுக்குத்தான் என்றார் கோவிந்தப்பன்.

சரிதாவுக்குச் சுருக்கென்றது. இவருக்கும் ஊத்தங்கரைதானே! எல்லோரும் போகட்டும் என்று காத்திருந்தாள்.

"சரியா எழுதின பையனை விட்டுட்டு, தெரியாதுன்னு எழுதின உங்க ஊர்ப் பொண்ணுக்கு வேலையா சார்? நான் ஜி.எம். கிட்ட சொல்லத்தான் போறேன்."

அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"சொல்லும்மா. இதையும் சேர்த்துச் சொல்லிடு. முன்னே இருந்த கம்பெனியில ஒரு லாட்டு பிரேக் பீஸ் மொத்தமா வந்துச்சு. ஆறு பீஸ் எடுத்துப் பார்த்தேன், ஆறும் சரியா இருந்துச்சு. எல்லாத்தையும் பார்த்தாச்சுன்னு கையெழுத்துப் போட்டுட்டேன்."

கழற்றி வைத்த கண்ணாடியை எடுத்துத் துடைத்தார்.

"நான் தொடாத ஒரு பீஸை மாட்டின பஸ்ஸு, மலை இறக்கத்துல நிக்கலைம்மா. பதினோரு பேரு. பார்க்காததைப் பார்க்கலைன்னு எழுதுற ஆளு அன்னிக்கு என் நாற்காலியில இருந்திருக்கணும்."

சரிதா ஜி.எம். அறைப் பக்கம் போகவில்லை. தன் மேஜைக்கு வந்து, காலையில் கட்டி வைத்த ஃபைல்களின் கட்டை அவிழ்த்தாள்.

ஏழாவதிலிருந்து பிரித்துப் பார்க்க ஆரம்பித்தாள்.