எழுபத்தொரு கேள்விகள்

அனந்தலக்ஷ்மி டீச்சர் அந்தப் பத்தியை மூன்றாவது முறையாகப் படித்தார்.

ஒன்பதாம் வகுப்புக்கு அவர் கொடுத்திருந்த தலைப்பு, ‘நம் பள்ளியில் மாற வேண்டிய ஒன்று.’ ஜூனில் பள்ளி திறந்த பிறகு வாங்கிய முதல் கட்டுரை. யாருடைய கையெழுத்தும் இன்னும் பழகவில்லை.

கருத்தைச் சொல், ஆதாரம் கொடு, அந்த ஆதாரத்திலிருந்து என்ன தெரிகிறது என்று விளக்கு. பத்து நாளாக இதைத்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்.

பெரும்பாலான தாள்கள் குடிதண்ணீர்க் குழாயைப் பற்றியவை. ‘ஆதாரம் எங்கே?’ என்று சிவப்பு மையில் எழுதி எழுதிக் கை வலித்தது.

இந்தத் தாளில் அதற்கு வேலையே இல்லை.

‘தமிழ் வகுப்பில் எல்லோரிடமும் கேள்வி கேட்க வேண்டும். ஆறு நாள் எண்ணினேன். டீச்சர் கேட்டவை எழுபத்தொரு கேள்விகள். அதில் அறுபத்தாறு முதல் இரண்டு பெஞ்சுக்கு. கடைசி மூன்று பெஞ்சுக்கு ஒன்றுகூட இல்லை. அவர்களுக்குப் பதில் தெரியாது என்று சொல்லலாம். கேட்காமலே அது எப்படித் தெரிந்தது?’

இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். அவர் தமிழ் எடுக்கிறார் என்பதற்காகவே சிம்மக்கல்லில் இருந்து பெண்களைக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் உண்டு.

கடைசி பெஞ்சுக்காரி எவளோ பொருமித் தீர்த்திருக்கிறாள். எழுமலையிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் சோலையாக இருக்கலாம். இல்லையென்றால் அவள் பக்கத்தில் உட்காரும் அந்த உயரமான பெண். அவள் பெயர் என்ன?

பத்துக்கு நான்கு என்று போட்டார்.

இந்தக் கணக்கு தப்பு என்று காட்ட ஒரே ஒரு பதில் போதும். பின்வரிசையிலிருந்து கேட்ட ஒரு குரலையாவது நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார்.

ஒரு குரலும் வரவில்லை.

நான்கை அடித்துவிட்டு ஒன்பது போட்டார். அப்புறம்தான் தாளின் பின்பக்கம் திருப்பிப் பெயரைப் பார்த்தார்.

மறுநாள் பீரியட் முடிந்ததும் அந்தக் கட்டுரையை எழுதிய பெண்ணை மட்டும் இருக்கச் சொன்னார். மற்றவர்கள் வெளியே போகும்வரை மேசையில் இருந்த தாள்களை அடுக்கினார்.

“பாடத்தையும் கவனிச்சுக்கிட்டு, இம்புட்டையும் எப்படிம்மா எண்ணுன?”

முதல் பெஞ்சு, முதல் இடம். ஸ்ரீவர்ஷினி எழுந்து நின்றாள்.

“அது லேசுதான் டீச்சர். பாதிக் கேள்வி என்கிட்டத்தானே கேட்டீங்க.”