வலது விரல், இடது விரல்

தங்கச்சியின் கையைப் பிடித்து ஒவ்வொரு படியாக மாடி ஏற்றிக்கொண்டு வந்தான் நந்தகுமார். பேச்சுதான் போயிருந்ததே தவிர, மஞ்சுளாவுக்குக் கால் இரண்டும் நன்றாகவே இருந்தன. ஆனாலும் அண்ணன் பிடித்த கையை அவள் விடவில்லை.

நாற்பது நாளாக இப்படித்தான். ஃபிளாஸ்கில் வெந்நீர் சுமந்தான், கோயில் கயிறு கட்டினான், சேலத்தில் தொண்டை டாக்டர் ஒருத்தர் பாக்கியில்லாமல் காட்டினான். தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை என்று எல்லோரும் கையை விரித்துவிட்டார்கள். கடைசியாகப் பார்த்தவர்தான் ஹிப்னோதெரபிக்கு எழுதிக் கொடுத்தார்.

கோளாறு ஆரம்பித்தது நாமக்கல்லில், ரிஜிஸ்டர் ஆபீஸில். அப்பா போய் மூன்றாம் மாதம், தோட்டத்தில் தன் பாகம் வேண்டாம் என்று அண்ணனுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்க அவள் மனசாரத்தான் போனாள். “சம்மதப்பட்டுத்தான் எழுதிக் குடுக்கறீங்களாம்மா?” என்று கேட்டார் அதிகாரி. வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

அவளுக்கே வெட்கமாகப் போயிற்று. மண்ணில் அவளுக்கு ஆசை கிடையாது. குறையெல்லாம் அப்பா மேலேதான். பண்ணையில் எந்தக் கோழிக்குச் சீக்கு, எந்தத் தேதியில் மழை என்று கறுப்பு அட்டை டைரியில் தினமும் எழுதினவர், பெற்ற மகளைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்க மாட்டாரா? சாவு வீட்டிலேயே தேடினாள். “எல்லாத்தையும் கரையான் அரிச்சிருச்சு அம்மிணி” என்றான் அண்ணன். அவனும் சேர்ந்து அழுதான்.

டாக்டர் உஷாராணி சிரித்த முகமாக இருந்தார். “இதுல மந்திரம் மாயம் ஒண்ணும் இல்லம்மா. நீங்க தூங்கவும் மாட்டீங்க, மயங்கவும் மாட்டீங்க. நான் பேசறது, ஃபேன் சத்தம், கீழே பஸ் ஹாரன் எல்லாம் காதுல விழும். உங்களுக்குப் பிடிக்காத ஒண்ணைச் செய்ய வைக்க என்னால முடியாது. ஒரே நாள்ல சரியாயிடும்னும் சொல்ல மாட்டேன்.”

நந்தகுமார் அப்போது வராந்தாவில் நின்று, தீவன லோடு ஏன் வரவில்லை என்று போனில் யாரையோ பிடிபிடியென்று பிடித்துக்கொண்டிருந்தான்.

“பேச வேண்டாம், விரல் போதும். ஆமான்னா வலது கை விரலைத் தூக்குங்க, இல்லைன்னா இடது. அண்ணன் உள்ள வந்து உக்காரலாமா?”

யோசிக்கவே இல்லை. வலது விரல் எழுந்தது.

சாய்வு நாற்காலியில் கண்ணை மூடினாள். மூச்சு நிதானப்பட்டது, கை கனத்தது, தலை தானாகவே ஒரு பக்கம் சாய்ந்தது. பிடித்த இடத்துக்குப் போகச் சொன்னார் டாக்டர். கிணற்று மேட்டுத் தென்னை நிழலில் போய் உட்கார்ந்தாள் மஞ்சுளா. அங்கே அப்பா டைரியும் கையுமாக இருந்தார்.

“அன்னைக்கு ஆபீஸ்ல சொல்ல முடியாமப் போன வார்த்தையைச் சொல்ல ஆசையா இருக்கா?”

வலது விரல்.

பக்கத்து நாற்காலி கிரீச்சிட்டது. செருப்புச் சத்தம் கதவுப் பக்கம் போய் நின்றது. பிறகு போனில் அண்ணனின் கிசுகிசுப்பு.

“சொல்லுங்க பத்திர ரைட்டரே… பரவால்லீங்க, அவ அசந்து தூங்கறா… கறுப்பு அட்டைதானுங்களே? அது அன்னைக்கே அடுப்புல போயிருச்சுங்க. நீங்க வர்ற பொதன்கெழமைக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ்ல டோக்கன் போட்டு வையுங்க.”

“சார், போனை வெளியே வச்சுட்டு வாங்க” என்றார் டாக்டர் தணிந்த குரலில். பிறகு அவளிடம், “வெளிச் சத்தம் வரும், போகும். விட்டுருங்கம்மா” என்றார்.

ஹாரன் சத்தம் வந்தது, போயிற்று. மற்றது போகவில்லை. மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் காதோரம் வழிந்தது.

“அழுகறாளே, நல்லதுங்களா டாக்டர்?” திரும்பி வந்த நந்தகுமார் கேட்டான்.

“சில பேருக்கு வரும்” என்றவர், அவளை மறுபடி கேட்டார். “அந்த வார்த்தையைச் சொல்லலாமா மஞ்சுளா?”

இடது விரல் எழுந்தது. நெட்டுக்குத்தாக நின்றது.

டாக்டர் அதைப் பார்த்துவிட்டு நோட்டில் குறித்துக்கொண்டார். நந்தகுமாருக்கோ வாயெல்லாம் பல். “வெரல் அசையுதுங்களே! கொணமாயிட்டாளாட்ட இருக்குது!”

ஐந்திலிருந்து ஒன்று வரை எண்ணினார் டாக்டர். மஞ்சுளா கண்ணைத் திறந்தாள். அண்ணன் ஃபிளாஸ்க் மூடியில் வெந்நீரோடு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். இன்னொரு கையால் அவள் கையை ஆதரவாகப் பிடித்துக்கொண்டான்.

“எங்கே, சம்மதம்னு ஒருக்காச் சொல்லு சாமி. அண்ணன் கேக்கறனல்ல?”

அந்தக் கையையே பார்த்தாள். டைரியை எரிக்காமல் இருந்திருந்தாலும் தோட்டத்தைச் சிரித்துக்கொண்டே கொடுத்திருப்பாள், கொடுக்கத்தானே ஆபீஸுக்கே போனாள்! கூடப் பிறந்தவனே இப்படிக் கழுத்தறுப்பான் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

கையை உருவிக்கொண்டாள். உதடு பிரிந்தது. நாற்பது நாளுக்குப் பிறகு, கரகரவென்று, ஆனால் தெளிவாக வந்தது குரல்.

“அடுப்புல போட்டீங்களே, அந்த டைரில அப்பா எனக்குன்னு என்னங்கண்ணா எழுதி வெச்சிருந்தாரு?”